நேற்றைய வானமும் இன்றைய வானமும்: வெண்குறுமீன் இரட்டைகளைத் தேடும் கணக்கெடுப்பு

கம்பம் பள்ளத்தாக்கில் பிறை பார்ப்பது எளிதல்ல. மேற்கே கேரள எல்லையில் எழும் மலைத்தொடர் அடிவானத்தை மறைத்து நிற்கிறது. முதல் நாள் பிறையோ சூரியன் மறைந்த பின் சிறிது நேரமே, அதுவும் தாழ்வாகவே நிற்கும். ஷஅபான் 29 அன்று மக்ரிப் முடிந்து பள்ளிவாசல் மாடியில் ஏறி நின்றால், உத்தமபாளையத்தில் இருப்பவருக்கும் கூடலூரில் இருப்பவருக்கும் முதலில் தெரிவது மலைதான். அதனால் நமக்குத் தகவல் பெரும்பாலும் வேறு ஊரிலிருந்து வருகிறது. வந்ததும் கேட்கிறோம்: யார் பார்த்தது? எத்தனை பேர்? எந்தத் திசையில், எத்தனை மணிக்கு? மேகம் இருந்ததா? விமானமோ மேகக் கீற்றோ பிறையாகத் தோன்றியிருக்குமா?

பார்த்தேன் என்ற ஒரு சொல்லை ஏற்பதற்கு முன் இத்தனை கேள்வி கேட்கும் சமுதாயம் நாம். ஆனால் வானத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் வரும் செய்தி என்றால் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. இதில் நாமும் விலக்கல்ல என்பதைச் சொல்லித்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜும்ஆ உரையில், அத்தாரிக் அத்தியாயத்தில் வரும் விண்மீன் 'பல்சர்' எனப்படும் துடிவிண்மீன்தான் என்றும், அது கதவைத் தட்டுவது போல ஓசை எழுப்புவதை விஞ்ஞானிகள் பதிவு செய்து விட்டார்கள் என்றும் நாம் பேசினோம். நமக்கு வந்த ஒரு ஒலிப்பதிவை நம்பிச் சொன்னது அது. அடுத்து வந்த ரமளானுக்கு முந்தைய இரவு, இஷாவுக்குப் பிறகு பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி அருகே வந்தார்.

"ஹஜ்ரத், நீங்க ஜும்ஆவுல சொன்னீங்கள்ல, அந்தச் சத்தம்... வெட்டவெளியில சத்தமே வராதுங்கிறாரு எங்க பிசிக்ஸ் சார்."

நாம் கற்றது ஆலிம் படிப்பு, பிறகு பி.ஏ. வரலாறு. இயற்பியல் நம் துறை அல்ல. அன்றிரவே தேடிப் படித்தோம். மாணவர் சொன்னதுதான் சரி. வெற்றிடத்தில் ஒலி பயணிக்காது. துடிவிண்மீனிலிருந்து வரும் ரேடியோ அலைகளைத் தொலைநோக்கி பதிவு செய்கிறது. அதை மனிதர்கள் கணினியில் ஒலியாக மாற்றிக் கேட்கிறார்கள். முஃபஸ்ஸிர்கள் அந்தச் சொல்லுக்கு 'இரவில் வருவது' என்று சொன்ன விளக்கமே போதுமானதாக இருந்தது. உறுதி செய்யாத ஒன்றை மிம்பரில் ஏற்றியது நம் பிழை. அடுத்த ஜும்ஆவில் அதைத் திருத்திச் சொன்னோம்.

அதே மாணவர் பிறகு ஒருநாள் இன்னொன்று கேட்டார்: "ஹஜ்ரத், ஒன்ன ஒன்னு சுத்திக்கிட்டே தின்னுக்கிற நட்சத்திரங்கள வானம் பூரா தேடுறாங்களாமே, அத எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? நம்ம ஊர்ல இருந்து பாக்க முடியுமா?" இந்த முறை அவசரப்படாமல், படித்துவிட்டுப் பதில் சொல்கிறோம்.

வெண்குறுமீன் என்றால் என்ன?

பிப்ரவரி மாதத்தில் இஷா தொழுதுவிட்டு வெளியே வந்து தெற்கே பாருங்கள். வானில் உயரமாக, மற்ற எல்லா விண்மீன்களையும் விட ஒளியுடன் ஒன்று நிற்கும். அது சிரியஸ். அரபியில் அதன் பெயர் அஷ்ஷிஅரா. திருக்குர்ஆனின் அந்நஜ்ம் அத்தியாயம் பெயர் சொல்லிக் குறிப்பிடும் விண்மீன் அது. நம்மிடமிருந்து 8.6 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது.

அந்த சிரியஸ் தனியாக இல்லை. 1844-ல் ஜெர்மானிய வானியலாளர் பெஸ்ஸல், சிரியஸ் நேர்கோட்டில் நகராமல் சற்றே அசைந்து அசைந்து செல்வதைக் கவனித்து, கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று அதை இழுக்கிறது என்று அறிவித்தார். 1862-ல் அமெரிக்காவின் ஆல்வன் கிளார்க் அந்த மங்கிய துணையைத் தொலைநோக்கியில் கண்டார். அதன் எடை ஏறத்தாழ நம் சூரியனின் எடை. அளவோ பூமியை விடச் சற்றுச் சிறியது. இப்படிப்பட்ட விண்மீனைத்தான் வெண்குறுமீன் என்கிறார்கள். வெள்ளைக் குள்ளன் என்றும் சொல்வதுண்டு.

சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் தன் எரிபொருளை எரித்து முடித்தால் ஊதிப் பெருத்துச் செம்பெருமீன் ஆகிறது. பிறகு அதன் மேலடுக்குகள் விண்வெளியில் கலைந்து போகின்றன. எஞ்சும் உள்கருதான் வெண்குறுமீன். அதில் புதிதாக எதுவும் எரிவதில்லை. அடுப்பை அணைத்த பிறகும் சூடாக இருக்கும் கல்லைப் போல, கோடி கோடி ஆண்டுகளுக்கு மெல்ல ஆறிக்கொண்டே இருக்கும். அதன் பொருளில் ஒரு சர்க்கரைக் கட்டி அளவு எடுத்தால் ஏறத்தாழ ஒரு டன் எடை இருக்கும்.

இவ்வளவு நெருக்கப்பட்ட பொருள் எந்த எடை வரை தாங்கும்? இந்தக் கேள்விக்கு விடை சொன்னவர் நம் மாநிலத்தில் படித்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்த 19 வயது சுப்ரமணியன் சந்திரசேகர், 1930-ல் மேற்படிப்புக்காகக் கப்பலில் இங்கிலாந்து சென்றார். அந்தப் பயணத்தின்போது போட்ட கணக்கில், வெண்குறுமீனின் எடைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்று கண்டார். அந்த வரம்பு சூரியனின் எடையைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு. 1935-ல் லண்டனில் அந்தக் காலத்தின் பெரிய வானியலாளர் எடிங்டன் அதைக் கேலி செய்து மறுத்தார். சந்திரசேகர் சொன்னது சரி என்று பின்னாளில் உலகமே ஏற்றது. 1983-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சபையில் பெரியவர் யார் என்பதை வைத்து ஒரு செய்தி உண்மையாகி விடுவதில்லை.

இரட்டைகள் ஊடாடும்போது

சிரியஸும் அதன் வெண்குறுமீனும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆகின்றன. இடைவெளி அதிகம், ஒன்று மற்றொன்றின் பொருளைத் தொடுவதில்லை. ஆனால் சில இரட்டைகள் மிக நெருக்கமாக அமைந்து விடுகின்றன. அப்போது வெண்குறுமீனின் ஈர்ப்பு, துணை விண்மீனின் மேல்பரப்பு வாயுவைத் தன் பக்கம் இழுத்துக் கொள்கிறது. அந்த வாயு நேராக விழுவதில்லை. நீர்த்தொட்டியின் அடைப்பைத் திறந்தால் தண்ணீர் சுழன்று சுழன்று இறங்குவது போல, வெண்குறுமீனைச் சுற்றி ஒரு தட்டாகச் சுழன்று, சூடேறி, ஒளிர்ந்து, பிறகுதான் விழுகிறது. இவைதாம் ஊடாடும் வெண்குறுமீன் இரட்டைகள்.

அந்தத் தட்டில் வாயு சேர்ந்து சேர்ந்து ஒரு கட்டத்தில் நிலை மாறும்போது, தட்டு முழுவதும் சில நாட்களுக்குப் பல மடங்கு ஒளிர்ந்து மீண்டும் மங்குகிறது. இது குறு நோவா. விழுந்த வாயு வெண்குறுமீனின் மேல்பரப்பில் படிந்து, ஒரு நாள் அணுக்கருப் பிணைவு பற்றிக்கொண்டால் அது நோவா. அப்போது ஒளி ஆயிரக்கணக்கான மடங்கு உயரும், ஆனால் வெண்குறுமீன் அழிவதில்லை. சில இரட்டைகளில் வெண்குறுமீன் முழுவதுமே வெடித்துச் சிதறிவிடும். அது முதல் வகை சூப்பர்நோவா. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

சென்னையிலிருந்து தொடங்கிய ஒரு கதை

மிதுன விண்மீன் கூட்டத்தில் 'யூ ஜெமினோரம்' என்றொரு விண்மீன் இருக்கிறது. வழக்கமாகக் கண்ணுக்குத் தெரியாது. 1855 டிசம்பரில் இங்கிலாந்தின் ஜான் ரஸ்ஸல் ஹிண்ட் அது திடீரென ஒளிர்ந்ததைக் கண்டார். சில நாட்களில் மங்கிவிட்டது. ஒரு முறை ஒளிர்ந்து அணைந்த நோவா என்று விட்டுவிட்டிருக்கலாம். ஆனால் 1856-ல் நார்மன் பாக்சன் என்ற இளம் வானியலாளர், அது மீண்டும் ஒளிர்ந்ததைப் பதிவு செய்தார். இன்று நமக்குத் தெரியும்: அது ஏறத்தாழ 300 ஒளியாண்டு தூரத்தில் உள்ள குறு நோவா. வெண்குறுமீனும் ஒரு சிறிய விண்மீனும் 4 மணி நேரத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. இரண்டின் மையங்களுக்கும் இடையிலான தூரம் நம் சூரியனின் விட்டத்தை விடக் குறைவு.

அந்த பாக்சன்தான் 1861-ல் சென்னை வான்நோக்ககத்தின் தலைவராக வந்தார். 1891-ல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். அவருடன் அங்கே பணியாற்றிய முதல் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. விண்மீன் பட்டியலுக்காக இரவு இரவாக அளவெடுத்துக் கொண்டிருந்த அவர், 1867-ல் 'ஆர் ரெட்டிகுலி' என்ற விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டறிந்தார். அது வெண்குறுமீன் இரட்டை அல்ல. ஊதிச் சுருங்கும் ஒரு பெரிய விண்மீன். ஆனாலும் நவீன முறையில் ஒரு மாறுவிண்மீனைக் கண்டுபிடித்த முதல் இந்தியர் அவரே. 1872-ல் லண்டன் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1899-ல் அந்த நோக்ககத்தின் பணி கொடைக்கானலுக்கு மாறியது. பெரியகுளத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியும் அந்த மலையின் உச்சியில் இன்றும் சூரியனைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும் நோக்ககம் இந்த வழி வந்ததுதான்.

ரகுநாதாச்சாரியின் கண்டுபிடிப்பில் மாயம் எதுவும் இல்லை. பழைய குறிப்பை எடுத்து வைத்து, இன்று கண்டதோடு ஒப்பிட்டார். வேறுபாடு தெரிந்தது. மறுபடி பார்த்தார். அவ்வளவுதான்.

இந்த வழி அவருக்கும் முந்தியது. இஸ்ஃபஹானில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, கி.பி. 964 வாக்கில் நிலையான விண்மீன்கள் பற்றிய தன் நூலை எழுதினார். தாலமியின் பட்டியல் அவருக்கு முன் இருந்தது. அதை அப்படியே நகலெடுத்திருக்கலாம். அவரோ ஒவ்வொரு விண்மீனையும் தாமே பார்த்து, அதன் ஒளியின் அளவைத் திருத்தி எழுதினார். முன்னோர் எழுதியதை மதிப்பதும் அதைச் சரிபார்ப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதை அந்த நூல் காட்டுகிறது.

இன்றைய கணக்கெடுப்பு எப்படி நடக்கிறது?

இன்று கண்ணின் வேலையைக் கேமராவும், குறிப்பேட்டின் வேலையைக் கணினியும் செய்கின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பாலோமர் மலையில் 1.2 மீட்டர் தொலைநோக்கி ஒன்று 2018 முதல் 'ஸ்விக்கி ட்ரான்சியன்ட் ஃபெசிலிட்டி' என்ற பெயரில் வானத்தைக் கணக்கெடுக்கிறது. ஒரே படத்தில் 200-க்கும் மேற்பட்ட முழுநிலாக்கள் அடங்கும் பரப்பைப் பிடிக்கும். ஒவ்வொரு படத்துக்கும் 30 விநாடிதான். சில இரவுகளுக்குள் வட வானம் முழுவதையும் முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இன்றைய படத்திலிருந்து பழைய படத்தைக் கணினி கழிக்கிறது. மாறாதவை எல்லாம் மறைந்துவிடும். மாறியவை மட்டும் புள்ளிகளாக மிஞ்சும். ஓர் இரவில் இப்படி லட்சக்கணக்கான புள்ளிகள் மிஞ்சுகின்றன. அவற்றில் சிறுகோள்கள் உண்டு, செயற்கைக்கோள்களின் கோடுகள் உண்டு, சிறிய சிவப்பு விண்மீன்களின் திடீர்ச் சுடர்கள் உண்டு, தொலைதூர விண்மீன் மண்டலங்கள் உண்டு, கேமராவின் குறைகளும் உண்டு. இந்தக் கூட்டத்தில் வெண்குறுமீன் இரட்டையை எப்படி அடையாளம் காண்பது? நான்கு அடையாளங்களைப் பார்க்கிறார்கள்.

முதலாவது, ஒளிர்ந்து மங்கும் விதம். ஒரு நாளில் பல மடங்கு ஏறி, சில நாட்களில் இறங்கி, வாரங்களோ மாதங்களோ கழித்து மீண்டும் ஏறினால் அது குறு நோவாவாக இருக்கலாம். அமெரிக்காவின் கேட்டலினா கணக்கெடுப்பு இந்த வழியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டைகளைச் சேர்த்தது.

இரண்டாவது, நிறமும் தூரமும். ஐரோப்பாவின் கையா விண்கலம் 2013-ல் ஏவப்பட்டு, நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களின் தூரத்தை அளந்தது. தூரம் தெரிந்தால் உண்மையான ஒளி தெரியும். சாதாரண விண்மீன் ஒன்றுக்கு இருக்க வேண்டியதை விட மங்கலாகவும், தனி வெண்குறுமீனை விடப் பிரகாசமாகவும், நீலம் கலந்தும் இருந்தால் சந்தேகப் பட்டியலில் சேரும்.

மூன்றாவது, சுற்றுக் காலம். இதைச் சற்று விளக்க வேண்டும். இரவுக்கு ஒரு படம் எடுக்கும் தொலைநோக்கி, சில நிமிடங்களில் நடக்கும் மாற்றத்தை எப்படிப் பிடிக்கும்? கம்பம் பேருந்து நிலையத்தின் வழியே நீங்கள் ஆண்டு முழுவதும் நினைத்த நேரத்தில் போகிறீர்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு முறையும் மணியையும், தேனி பேருந்து நின்றதா இல்லையா என்பதையும் எழுதுகிறீர்கள். ஒரு நாள் குறிப்பை வைத்து ஒன்றும் தெரியாது. ஆனால் ஆண்டு முழுவதும் எழுதியதை 10 நிமிடம், 12 நிமிடம், 15 நிமிடம் என்று வெவ்வேறு இடைவெளியில் மடித்துப் பார்த்தால், சரியான இடைவெளியில் மட்டும் 'நின்றது' என்ற குறிப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து குவியும். கணினியும் லட்சக்கணக்கான இடைவெளிகளில் மடித்துப் பார்க்கிறது. இப்படித்தான் 2019-ல் கெவின் பர்ட்ஜ் என்ற ஆய்வு மாணவரும் அவருடைய குழுவினரும் 6.91 நிமிடத்துக்கு ஒரு முறை ஒன்றையொன்று சுற்றி வரும் இரண்டு வெண்குறுமீன்களை அறிவித்தார்கள். நாம் நான்கு ரக்அத் தொழுது முடிக்கும் நேரத்தில் இரண்டு விண்மீன்கள் ஒரு முழுச் சுற்று முடித்து விடுகின்றன! அந்த இரட்டை முழுவதும் சனிக்கோளின் அளவுக்குள் அடங்கிவிடும். அவற்றுக்கிடையே இன்னும் வாயு பாயவில்லை; ஆனால் நெருங்கிக்கொண்டே வருகின்றன.

நான்காவது, நிறமாலை. ஒளியை நிறம் பிரித்துப் பார்த்தால் அதில் என்ன தனிமம் உள்ளது என்று தெரியும். பெரும்பாலான ஊடாடும் இரட்டைகளில் ஹைட்ரஜன் கோடுகள் தெரியும். ஒரு வகையில் மட்டும் ஹைட்ரஜனே இருக்காது. ஹீலியம் மட்டும் இருக்கும். துணையும் தன் ஹைட்ரஜனை இழந்துவிட்டது என்று பொருள். இந்த வகையின் முதல் விண்மீன், ஹியூமேசனும் ஸ்விக்கியும் 1947-ல் வெளியிட்ட நீல விண்மீன் பட்டியலில் 29-ஆம் எண்ணாக இருந்தது. அதன் ஒளி ஏறத்தாழ 18 நிமிடத்துக்கு ஒரு முறை மாறுவதை 1967-ல் போலந்தின் ஸ்மாக் கண்டார். பெயர் 'ஏ.எம். கேனம் வெனாடிகோரம்'. இத்தனை கணக்கெடுப்புகளுக்குப் பிறகும் இந்த வகையில் உறுதி செய்யப்பட்டவை நூற்றைச் சற்றே தாண்டியிருக்கின்றன. நூறு கோடிக்கு மேல் விண்மீன்களைச் சலித்து எடுத்த நூறு!

சாட்சியமும் உறுதிப்பாடும்

கணக்கெடுப்பு தருவது 'இருக்கலாம்' என்ற பட்டியல் மட்டுமே. அதை யாரும் கண்டுபிடிப்பு என்று அறிவிப்பதில்லை. வேறு இடத்தில், வேறு கருவியில், வேறு ஆட்கள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். பாலோமரில் விடிந்துவிட்டால் அந்த விண்மீனைத் தொடர்ந்து பார்க்க இரவில் இருக்கும் நாடு ஒன்று வேண்டும். லடாக்கின் ஹான்லேயில், ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனமும் மும்பை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து 2018 முதல் இயக்கும் 0.7 மீட்டர் தானியங்கித் தொலைநோக்கி இத்தகைய தொடர் கவனிப்புக்காகவே அமைந்தது. நமக்கு மேற்கே மலை மறைக்கும்போது வேறு ஊரின் சாட்சியத்தைக் கேட்கிறோம் அல்லவா, அதே தேவைதான்.

நம் மாநிலத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது. திருப்பத்தூர் மாவட்டத்தின் ஜவ்வாது மலையில் காவலூரில் வைணு பாப்பு வான்நோக்ககம் இருக்கிறது. 'ஆர்.எஸ். ஓபியூக்கி' என்பது ஒரு வெண்குறுமீனும் ஒரு செம்பெருமீனும் சேர்ந்த இரட்டை. சில பத்தாண்டுகளுக்கு ஒரு முறை நோவாவாக வெடிக்கும். 1985-ல் அது வெடித்த பிறகு ஜி.சி. அனுபமாவும் டி.பி. பிரபுவும் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் அதன் நிறமாலையைத் தொடர்ந்து பதிவு செய்து ஆய்வு வெளியிட்டார்கள். அதே விண்மீன் 2006-லும், 2021 ஆகஸ்ட் 8 அன்றும் மீண்டும் வெடித்தது. 2021-ல் வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு ஒளிர்ந்தது. உலகுக்கு அதை முதலில் சொன்னவர்கள் பெரிய நோக்ககத்தார் அல்லர். தம் வீட்டிலிருந்து வானம் பார்க்கும் ஆர்வலர்கள்.

இதனால் என்ன பயன்?

இந்தக் கேள்வி நியாயமானது. ஹிஜ்ரி 396-ல், அதாவது கி.பி. 1006-ல், தென் வானில் ஒரு புதிய விண்மீன் தோன்றியது. எகிப்தில் அப்போது இளைஞராக இருந்த அலீ இப்னு ரிள்வான் அதைப் பார்த்தார். பிற்காலத்தில் புகழ்பெற்ற மருத்துவரான அவர், அது வெள்ளிக்கோளை விட இரண்டரை முதல் மூன்று மடங்கு பெரிதாகத் தெரிந்ததையும், நிலவொளியில் கால் பங்குக்குச் சற்று அதிகமாக ஒளி தந்ததையும், கோள்கள் அன்று எங்கெங்கு நின்றன என்பதையும் குறித்து வைத்தார். அந்தக் குறிப்புகள் சீனா, ஜப்பான் குறிப்புகளோடு பொருந்தியதால், அந்த வெடிப்பின் எச்சம் எங்கே என்று இன்று நமக்குத் தெரியும். ஏறத்தாழ 7,000 ஒளியாண்டு தூரத்தில் ஒரு வெண்குறுமீன் முழுமையாக வெடித்த இடம் அது. மனிதர்கள் பதிவு செய்தவற்றிலேயே மிகப் பிரகாசமான விண்மீன் வெடிப்பும் அதுவே.

இந்த வகை வெடிப்புகளின் ஒளியை அளவுகோலாக வைத்துத்தான் பேரண்டம் மேலும் மேலும் வேகமாக விரிகிறது என்று 1998-ல் கண்டார்கள். அதற்கு 2011-ல் நோபல் பரிசு கிடைத்தது. பேரண்டத்தில் உள்ள இரும்பில் கணிசமான பங்கும் இந்த வெடிப்புகளில் உருவானதுதான். இதைப் படித்ததும் சிலருக்கு அல்ஹதீத் அத்தியாயத்தை இதோடு முடிச்சுப் போடத் தோன்றும். நாம் அதைச் செய்யப் போவதில்லை. ஒரு முறை சுட்டுக்கொண்ட விரல் இது.

ஆனால் அந்த அளவுகோலைப் பற்றியே ஒரு கேள்வி இன்னும் தீரவில்லை. வெண்குறுமீன் துணையிடமிருந்து வாயுவை வாங்கி வாங்கி வெடிக்கிறதா? அல்லது இரண்டு வெண்குறுமீன்கள் நெருங்கி மோதி வெடிக்கின்றனவா? விடை காண, வெடிப்பதற்கு முன் உள்ள இரட்டைகள் எத்தனை, எந்த எடையில், எவ்வளவு நெருக்கத்தில் இருக்கின்றன என்று எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கைக்காகத்தான் இந்தக் கணக்கெடுப்பு.

இன்னொரு பயனும் உண்டு. நெருங்கிச் சுற்றும் இரட்டைகள் ஈர்ப்பு அலைகளை வெளியிடுகின்றன. அவற்றை விண்வெளியிலிருந்து உணர, 25 லட்சம் கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று கலங்களைப் பறக்கவிடும் 'லிசா' திட்டத்துக்கு ஐரோப்பிய விண்வெளி முகமை 2024 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. 2035 வாக்கில் ஏவத் திட்டம். புதிய கருவி சரியாகக் கேட்கிறது என்று எப்படி நம்புவது? 5.4 நிமிடத்தில் சுற்றும் 'எச்.எம். கேன்கிரி' போன்ற, ஏற்கெனவே அறிந்த இரட்டைகளின் அலை அதில் பதிவாக வேண்டும். அதனால் இவற்றை 'சரிபார்ப்பு இரட்டைகள்' என்றே அழைக்கிறார்கள். சாட்சியின் நம்பகத்தைச் சோதிக்க அவருக்கும் நமக்கும் தெரிந்த ஒன்றை முதலில் கேட்பது போல.

நம் ஊரிலிருந்து

மாணவரின் கடைசிக் கேள்விக்கு வருவோம். நம் ஊரிலிருந்து பார்க்க முடியுமா? முடியும். சிரியஸைப் பார்க்கக் கருவியே வேண்டாம். யூ ஜெமினோரம் ஏறத்தாழ 100 நாட்களுக்கு ஒரு முறை ஒளிரும். அந்த நாட்களில் ஒரு சிறிய தொலைநோக்கிக்கு எட்டும். குளிர்காலத்து முன்னிரவில் மிதுனம் நம் தலைக்கு மேல் வரும். சுருளிப்பட்டி போல மலையடிவாரத்து ஊர்களில், விளக்கு வெளிச்சம் குறைந்த திராட்சைத் தோட்டத்து ஓரம் போதும். பார்த்ததை 1911 முதல் இயங்கும் அமெரிக்க மாறுவிண்மீன் நோக்கர் சங்கத்துக்கு அனுப்பலாம். உலகின் எந்த மூலையில் இருப்பவரும் அனுப்பலாம். தொலைநோக்கி இல்லாதவர் ஒரு கணினியில் பாலோமர் கணக்கெடுப்பின் பொது வெளியீடுகளை இலவசமாக எடுத்து, மேலே சொன்னபடி மடித்துப் பார்க்கலாம். சிலியில் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்ட ரூபின் நோக்ககத்திலிருந்து ஓர் இரவுக்கு ஒரு கோடி வரை எச்சரிக்கைகள் வரும் என்று மதிப்பிடுகிறார்கள். பார்க்கத்தான் ஆட்கள் போதாது. நம் பள்ளத்தாக்கின் கல்லூரிகளில் இயற்பியலும் கணினியும் படிக்கும் பிள்ளைகளுக்கு இது எட்டாத கனி அல்ல.

அந்த மாணவர் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறார். தேதி, நேரம், எதில் பார்த்தது, மேகம் இருந்ததா, எந்த விண்மீனோடு ஒப்பிட்டது என்று எழுதுகிறார். முதல் வாரத்தில் முகம் வாடி வந்தார்.

"ஒன்னுமே தெரியல ஹஜ்ரத். வெறும் 'காணவில்லை'ன்னுதான் எழுதிருக்கேன்."

"அதையும் அனுப்புங்க தம்பி," என்றோம்.

நோக்கர் சங்கம் அதையும் வாங்கிக்கொள்கிறது. இன்ன நேரத்தில் இன்ன அளவுக்கு மேல் ஒளி இல்லை என்பது ஆய்வாளருக்குத் தேவையான செய்தி. எப்போது ஒளிரத் தொடங்கியது என்பதை அதை வைத்துத்தான் குறுக்குவார்கள். நமக்கு இது புதிதா என்ன? 29 அன்று பிறை தென்படாவிட்டால் 'காணவில்லை' என்று உண்மையைச் சொல்லி, மாதத்தை 30 ஆக நிறைவு செய்கிறோம். யாரும் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லி நோன்பைத் தொடங்குவதில்லை. அந்த நேர்மையை மாடியில் நிற்கும் ஒரு மாலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல், கையில் இருக்கும் தொலைபேசிக்கும் மிம்பருக்கும் கொண்டு வர வேண்டும்.

பார்த்ததைப் பார்த்தபடி சொல்லவும், பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல்லவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக.